மண்ணைத் தொடாத பதிமூணு கிலோமீட்டர்

உரெங்கோய்
12 அக்டோபர் 1986

அன்புள்ள தங்கை சிர்காவுக்கு,

அண்ணன் எர்னிஸ் எழுதுவது. நான் நலம். இங்கே சைபீரியாவில் இப்போதே மைனஸ் பதினெட்டு.

நீ கால்நடை மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டாய் என்று அம்மா எழுதியிருந்தாள். அதற்கு முன் தையல் பள்ளி. அதற்கு முன் தபால் நிலைய வேலை. நீ தொடங்கி முடித்த காரியம் ஒன்றையாவது நினைவுபடுத்திப் பார்க்க முயன்றேன். இங்கே லாரியில் ஒற்றையாகப் போகும்போது யோசிக்க நேரம் நிறைய. ஒன்றும் தட்டுப்படவில்லை.

இப்போது காரைப் பற்றி. சாவியைப் பெரியப்பா மகன் ஷாயிக்கிடம் கொடுக்கச் சொல்லியிருந்தேன். அம்மா உன்னிடம் கொடுத்திருக்கிறாள். சரி, கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும். ஆனால் நான் சொல்வதைக் கேள். கார் கொட்டகையில் நான்கு மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. சக்கரம் தரையைத் தொடக் கூடாது, டயர் வீணாகும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விட்டு, சூடு இருக்கும்போதே தண்ணீரை முழுக்க வடித்துவிடு. ஒரு குவளைத் தண்ணீர் உள்ளே தங்கினாலும் உறைந்து எஞ்சினைப் பிளந்துவிடும். முடிந்ததும் பெரிய கம்பளி விரிப்பால் மூக்கிலிருந்து வால் வரை போர்த்து. வேர்த்த குதிரையைப் போர்த்துகிற மாதிரி.

யாருக்கும் கொடுக்காதே. கல்யாணத்துக்கும் சரி, சாவுக்கும் சரி. நீயும் ஓட்டாதே.

மீட்டரில் கிலோமீட்டர் எண் 218. ரிபாச்யே ஸ்டேஷனில் காரை இறக்கியதிலிருந்து நம் வீட்டு வாசல் வரை நான் ஓட்டிய தூரம் அது. ஐந்து குளிர்காலம் இங்கே வேலை பார்த்து, அந்தக் காரில் நான் போன ஒரே பயணம். மறுநாளே லீவு முடிந்து கிளம்பிவிட்டேன். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அந்த எண்ணை எழுது. மே மாதம் நான் வரும்போது எண் மாறியிருந்தாலோ, எஞ்சின் கிளம்பாவிட்டாலோ, சாவி ஷாயிக்கிடம் போகும். நீ மறுபடி இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவாய். அம்மாவும் இதற்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறாள்.

எர்னிஸ்


அத்-பாஷி
2 நவம்பர் 1986

அண்ணே,

கடுதாசி வந்துச்சு. அம்மா சத்தமா படிக்கச் சொன்னா. தையல், தபால் ஆபீஸ் எல்லாம் வந்தப்ப நான் கொஞ்சம் இருமிக்கிட்டே தாண்டிட்டேன். அவ கண்டுபிடிச்சிட்டா.

ஏன் விட்டேன்னு நீ கேக்கவே இல்ல. மூணு வருஷமா பசுவோட படத்தைத்தான் காட்டுனானுங்க. பசுவக் காட்டல. எங்க வாத்தியாருக்குச் சாணி நாத்தமே ஆகாது. போதுமா?

கார் நல்லா இருக்கு. நீ சொன்னபடியே எல்லாம் செஞ்சேன், ஒண்ணத் தவிர. அந்தக் கம்பளி விரிப்ப எடுத்துட்டேன். கத்தாத, முழுசாப் படி. மொத தடவ எஞ்சினை ஓட விட்டு, சூட்டோட போத்துனேன். ரெண்டு நாள் கழிச்சுத் தூக்கிப் பாத்தா, எஞ்சின் மூடிக்கு மேல எல்லாம் ஈரம். கம்பளி கீழ்ப்பக்கம் நனைஞ்சு வெறைச்சு கெடக்கு. குதிரைக்குத் தோல் இருக்கு, அது காஞ்சுரும். இது தகரம். இப்படியே விட்டா மே மாசம் நீ வர்றப்ப பாலாடை மாதிரி பெயிண்டு கையோட வரும். அதனால விரிப்ப எடுத்து, கொட்டகைக் கூரையில சாக்குத் தைச்சு தொங்கவிட்டிருக்கேன். காரு மேல படாது, பனியும் விழாது. தையல் பள்ளிக்குப் போனது இதுக்காச்சும் ஒதவுச்சுன்னு எழுதிக்க.

பேட்டரி அடுப்புக்குப் பக்கத்துல. அம்மா அதுக்குப் பேரு வச்சிட்டா. மருமவன்னு. "மருமவன் சூடா இருக்கானான்னு பாரு"ங்கிறா. மருமவ எப்ப வருவான்னு அதுல ஒரு குத்தல். உனக்குத்தான்.

எண் 218.

சிர்கா


உரெங்கோய்
25 நவம்பர் 1986

சிர்காவுக்கு,

விரிப்பைத் திரும்பப் போர்த்து. நம் அப்பா முப்பது வருடம் குதிரை மேய்த்தவர். ஒரு குதிரைகூடக் கம்பளியால் கெடவில்லை. நீ மூன்று வருடம் பசுவின் படம் பார்த்தவள்.

ஷாயிக்கும் எழுதியிருந்தான். நீ எந்நேரமும் கொட்டகையிலேயே கிடப்பதாகவும், கொட்டகையிலிருந்து சத்தம் வருவதாகவும். அவன் நல்லவன், அக்கறையில் சொல்கிறான். அவனோடு சண்டை போடாதே.

லாரியில் எழுதுகிறேன், மை உறைகிறது. பேட்டரியை அடுப்புக்கு மிக அருகில் வைக்காதே.

எர்னிஸ்


அத்-பாஷி
4 ஜனவரி 1987

அண்ணே,

விரிப்பப் போத்தல. போத்தவும் மாட்டேன். அப்பா இருந்திருந்தா மொத நாளே என்ன மாதிரி அதத் தூக்கிக் கடாசியிருப்பாரு. அது உனக்கும் தெரியும்.

இப்ப நடந்ததைக் கேளு. பண்ணைத் தலைவரோட மவனுக்குக் கல்யாணம். டிசம்பர் கடைசியில. தலைவரே வீட்டுக்கு வந்தாரு, தொப்பிய கையில வச்சிக்கிட்டு. பொண்ண நாரின்ல இருந்து கூட்டியாறணும், ஊர்லயே புது ஜிகுலி காரு நம்மகிட்டத்தான். அம்மா டீ ஊத்தி, பொரிச்ச போர்சோக் ரொட்டியக் கொட்டி, என்னயவே பாத்துக்கிட்டிருக்கா. நான் சொன்னேன்: "பெரியவரே, காரு எங்கண்ணனோடது. அண்ணன் கல்யாணத்துக்கும் குடுக்காத, சாவுக்கும் குடுக்காதன்னு எழுதியிருக்காரு. ரெண்டுல உங்களுது நல்லதுங்கிறதுனால நான் வருத்தப்படுறேன். ஆனா குடுக்க மாட்டேன்."

அவரு கோவப்படல. சிரிச்சாரு. அதுதான் மோசம். "ஓடுற குதிரையத்தான் நாங்க கேக்க வந்தோம். பஞ்சடைச்ச குதிரையக் கேட்டா தப்பு எங்க மேலதான்"ன்னுட்டுப் போயிட்டாரு.

மறுநாளே ஊர் பூராவும். ரொட்டிக் கடை வரிசையில டிராக்டர் ஓட்டுற ஜூமாஷ் கேக்குறான், "என்ன சிர்கா, பஞ்சடைச்சதுக்குத் தீனி வச்சியா?" பின்னால நின்ன கெழவி, "கண்ணாடிக் கண்ணு வச்சிருக்குமே" ங்கிறா. ஷாயிக்கு அண்ணன் அங்கதான் நிக்கிறான். ரொட்டிய வாங்கிக்கிட்டு மெல்லச் சிரிச்சிட்டுப் போறான்.

உன் காரைப் பஞ்சடைச்சதுன்னு சொன்னா நான் சும்மா இருக்கணுமா? நீ சொல்லு.

ஞாயித்துக்கெழம மத்தியானம் கொட்டகைக் கதவு ரெண்டையும் தெறந்து வச்சேன். ஜூமாஷக் கூப்பிட்டேன். அவன் பத்து பேரக் கூட்டியாந்தான். பத்து முப்பதாச்சு. சமோவார்ல வெந்நி கொண்டாந்து ஊத்துனேன், மருமவன எடுத்துட்டுப் போய் மாட்டுனேன், சாவியத் திருப்புனேன். ஒரே திருப்பு அண்ணே. மைனஸ் முப்பத்தொண்ணு. ஒரே திருப்புல கெளம்புச்சு.

அப்பக்கூட ஜூமாஷ் விடல. "சத்தம் வருது. ஆடும் சத்தம் போடுது. ஓடுமா?"

நான் கிளட்ச அமுத்தி கியரப் போட்டேன். மொத கியரு, ரெண்டு, மூணு. பின்சக்கரம் ரெண்டும் காத்துல சுத்துது அண்ணே, கட்டைக்கு மேல. டயருல ஒட்டியிருந்த பனியெல்லாம் பறந்து கூட்டத்து மூஞ்சியில அடிச்சுச்சு. முள்ளு முப்பதுல நிக்குது, காரு நின்ன எடத்துலயே நிக்குது. நான் உள்ள ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு ஜன்னல்ல கையப் போட்டு ஒக்காந்திருக்கேன். ஏதோ ஃப்ரூன்ஸ் நகரத்துக்குப் போற மாதிரி. ஒரு இருவத்தஞ்சு நிமிஷம். எறங்க மனசே வரல. ஜூமாஷ் மூஞ்சியத் தொடச்சிக்கிட்டே, "எங்க வரைக்கும் போயிட்ட?" ன்னான். "ஒன் வாய் மூடுற வரைக்கும்"னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா இந்த வாட்டி என்னயப் பாத்து இல்ல. புதுசா ஒண்ணப் பாத்தவங்க வெறுங்கையோட போகக் கூடாதுல்ல, ஆளாளுக்கு ஏதோ வச்சிட்டுப் போனாங்க. ஒருத்தி காஞ்ச தயிர் உருண்ட, குருத், ஒரு பை, ஒருத்தி சர்க்கரை. தலைவரோட சம்சாரம் ஒரு தலைத்துணிய கண்ணாடியில கட்டிட்டுப் போனா. அவரே கொட்டகை வாசல்ல நின்னு காருக்குத் தலைய ஆட்டிட்டுப் போனாரு. அம்மா சாயங்காலம் பூரா நிமிந்துதான் நடந்தா.

முடிச்சிட்டு தண்ணிய வடிச்சேன். முழுசா. குழாயில ஊதியும் பாத்தேன்.

இரு, எண் எழுத விட்டுப் போச்சு. பாத்துட்டு வர்றேன்.

பாத்துட்டேன். அண்ணே, 231ன்னு இருக்கு. மூணு வாட்டி பாத்தேன். நான் காரை நகத்தவே இல்ல. சத்தியமா சக்கரம் மண்ணத் தொடல. ஏன் இப்படின்னு எனக்குத் தெரியல. பழைய எண்ணையே எழுதியிருக்கலாம். ஆனா இருக்கிறத எழுதுறேன்.

எண் 231.

சிர்கா


உரெங்கோய்
27 ஜனவரி 1987

சிர்காவுக்கு,

பதின்மூன்று கிலோமீட்டர். நம் வீட்டிலிருந்து, கல்யாணமாகிப் போன அசகா அக்கா ஊருக்குப் போய் வந்தால் சரியாகப் பதின்மூன்று. அந்தச் சாலை எனக்குத் தெரியும்.

ஓட்டியிருந்தால் ஓட்டினேன் என்று எழுதியிருக்கலாம். நான் திட்டியிருப்பேன், ஆனால் உன்னை மதித்திருப்பேன். நின்ற இடத்தில் நின்றே பதின்மூன்று கிலோமீட்டர் போனதாக எழுதுகிறாய். ஏழு வருடமாக லாரி ஓட்டுகிற எனக்கு எழுதுகிறாய். உன்னிடம் ஆயிரம் குறை சொல்லியிருக்கிறேன், பொய் சொல்பவள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த 218 எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். அதைக் கெடுத்துவிட்டு என்னையே முட்டாளாக்கப் பார்க்கிறாய்.

சாவியை ஷாயிக்கிடம் கொடு. அவனுக்கும் எழுதிவிட்டேன். மே வரை காத்திருக்க வேண்டாம். இன்ஸ்டிட்யூட்டுக்கு மனு எழுது, வசந்தத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

எர்னிஸ்


அத்-பாஷி
15 பிப்ரவரி 1987

எர்னிஸ் அண்ணனுக்கு,

ஷாயிக்கு அண்ணன் நேத்து வந்தான், ஒன் கடுதாசியக் கையில வச்சிக்கிட்டு. ஷூவக்கூடக் கழட்டல. வாசல்லயே நின்னான்.

"சாவி."

"அண்ணே, ஒக்காரு. டீ குடி."

"டீ வேணாம். சாவி. எர்னிஸ் எழுதியிருக்கான்ல?"

"எழுதியிருக்காரு. அவருக்கு நான் பதில் எழுதணும். அது போய்ச் சேந்து, அவரு மறுபடியும் குடுன்னு சொன்னா, நானே ஒன் வீட்டுக்கு வந்து குடுக்கிறேன். தட்டுல வச்சு."

"ஊர் என்ன சொல்லும் தெரியுமா? அண்ணன் பேச்சக் கேக்காத பொண்ணுன்னு சொல்லும்."

"ஊரு டிசம்பர்ல பஞ்சடைச்ச குதிரைன்னு சொல்லுச்சு. நீயும் ரொட்டி வாங்கிக்கிட்டே கேட்டுட்டு இருந்த. அப்ப ஒண்ணும் சொல்லல. இப்ப மட்டும் ஊருக்கு வாய் வந்துருச்சா?"

போயிட்டான். அவன் போனதும் அம்மா எழுந்து போயி மருமவன அடுப்புப் பக்கமா நகத்தி வச்சா. அவ என் பக்கம்னு அதுலயே எனக்குப் புரிஞ்சுச்சு.

இப்ப நான் சொல்றத நல்லாக் கேளு. பொய்யின்னு நீ எழுதுனத நான் நாலு தடவ படிச்சேன். அழல. கோவந்தான் வந்துச்சு. எடுத்து வச்சிட்டு, பழைய கோட்டப் போட்டுக்கிட்டு, வெளக்கோட காருக்கு அடியில போய் படுத்தேன். மண்ணு ஐஸ் மாதிரி. நான் தேடுனது ஒண்ணே ஒண்ணுதான்: அந்த எண்ணுக்கு யாரு சொல்றது, நீ ஓடுறன்னு?

மீட்டருக்குப் பின்னாடி இருந்து ஒரு கேபிள் எறங்குது. கட்டை வெரல் அளவு கூட இல்ல. அது எங்க போகுதுன்னு கையாலயே தடவிக்கிட்டே போனேன். சக்கரத்துக்குத்தான் போகும்னு நெனச்சேன். போகல அண்ணே. கியர் பெட்டிக்குள்ள போயி முடியுது. பின்சக்கரத்துக்குப் போற தண்டு சுத்துனா, அதுவும் சுத்தும். தரையப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. கட்டைல நிக்குதா, ரோட்டுல போகுதா, அதுக்கு ஒரே மாதிரிதான். முப்பதுல இருவத்தஞ்சு நிமிஷம். எத்தன கிலோமீட்டர்னு நீயே பாத்துக்க.

நீ ஏழு வருஷமா லாரி ஓட்டுற. ஆனா ஒன் லாரி ஒரு நாளும் நின்ன எடத்துல ஓடியிருக்காது. அதுக்கு நேரம் ஏது ஒனக்கு. நின்ன எடத்துல ஓடுற வண்டிய நான் தான் பாத்துக்கிறேன். அதனால எனக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியல. அவ்ளோதான்.

நம்பலன்னா, ஒன் லாரியோட பின்சக்கரம் ரெண்டையும் ஜாக்கி வச்சுத் தூக்கு. கியரப் போடு. பத்து நிமிஷம் மீட்டரப் பாரு. எண் ஏறலன்னா நான் பொய்க்காரி. அன்னிக்கே இன்ஸ்டிட்யூட்டுக்கு மனு எழுதுறேன், ஷாயிக்குக்குச் சாவியும் குடுக்கிறேன். ஏறுச்சுன்னா?

ஏறுச்சுன்னா என்னன்னு நீயே எழுது. நான் கேக்க மாட்டேன்.

இன்னொண்ணு. அந்த 218 ஒன்னோடதுன்னு தெரியும். அதக் கெடுத்ததுக்கு மட்டும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. அது பொய் இல்ல.

எண் 231. அன்னிக்கப்புறம் கியரே போடல.

சிர்கா


உரெங்கோய்
10 மார்ச் 1987

சிர்காவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும், எங்கள் ஷெட்டில் ஜாக்கியை எடுத்தேன். ஃபோர்மன் மத்வெய் பார்த்துவிட்டான்.

"என்னடா, டயர் போச்சா?"

"இல்ல. என் தங்கச்சி பொய் சொல்றாளான்னு பாக்கணும்."

"லாரிக்கு அடியிலயா ஒளிஞ்சிருக்கா?"

சுற்றி எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பின்சக்கரங்களைத் தூக்கினேன். கியர் போட்டேன். பத்து நிமிடம். எண் நான்கு ஏறியது. லாரி ஒரு விரல்கூட நகரவில்லை. மத்வெய் இருபது வருடம் ஓட்டியவன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒன் தங்கச்சி எங்க படிச்சா?" என்று கேட்டான்.

"காருக்கு அடியில," என்றேன்.

அன்று மாலை முழுதும் அதே பேச்சு. சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் பந்தயம் கட்டி இன்னொரு லாரியையும் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வெட்கம் பாதி. மற்றது என்னவென்று எழுத வராது. என் கட்டிலுக்கு மேல் உன் போட்டோவை ஒட்டினேன், பழைய பள்ளிக்கூடப் போட்டோ. இதுவரை காரின் போட்டோதான் இருந்தது. இப்போது ரெண்டும் இருக்கு.

கம்பளி விரிப்பைப் பற்றி மத்வெயிடம் கேட்டேன். சிரிக்கவில்லை. "எந்த மடையன் சொன்னான்?" என்றான். யாரோ சொன்னார்கள் என்றேன்.

சிர்கா, நான் உனக்கு எழுதின வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கிறேன். இதை அம்மாவுக்கும் படிச்சுக் காட்டு, இருமாமப் படி. ஷாயிக்குக்குத் தனியா எழுதிட்டேன். சாவி உன்கிட்டத்தான்.

மே 14 காலை ரயில்ல ரிபாச்யே வர்றேன். பஸ்ல வர மாட்டேன். தோலோன் கணவாய் அதுக்குள்ள தெறந்துடும். நீ பண்ணை கராஜ்ல ஓட்டுநர் வகுப்புக்குப் போ. தலைவர் சேர்த்துப்பாரு, தலைய ஆட்டிட்டுப் போனாருல்ல. லைசென்ஸ் வாங்கு. கட்டைய எடுத்துட்டு, கார நீயே ஓட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா. நான் வந்த அதே ரோடு. அதே தூரம். இந்த தடவ எதிர்ப்பக்கம்.

படிப்பைப் பத்தி வர்ற வழியில பேசிக்கலாம்.

இனிமே எண் எழுத வேணாம்.

எர்னிஸ்


அத்-பாஷி
3 மே 1987

அண்ணே,

இருமாமத்தான் படிச்சேன். அம்மா மறுபடியும் படிக்கச் சொன்னா. மூணாவது தடவ நானே மாட்டேன்னுட்டேன்.

லைசென்ஸ் வந்துருச்சு. நாரின்ல பரீட்சை. பதினோரு பேரு போனோம், ஒம்போது ஆம்பள, ரெண்டு பொம்பள. நாலு பேரு பாஸ். ரெண்டு பொம்பளையும் அதுல இருக்கோம். ஜூமாஷ் பெயில். டிராக்டர் ஓட்டுறவனுக்கு ரிவர்ஸ் வரல. நான் ஆரம்பிச்சு முடிச்ச காரியம் ஒண்ணு இருக்கா, ஒனக்கு ஞாபகம் வரலன்னு எழுதுனியே. இப்ப எழுதி வச்சுக்க.

நேத்து கட்டைய எடுத்தோம். காலையிலயே ஊரு வந்துருச்சு, யாரும் கூப்பிடல. அம்மா உள்ள போயி, நீயும் நானும் மொத அடி வச்சப்ப கால்ல கட்டுன கயிறு மாதிரியே, கருப்பும் வெள்ளையுமா கம்பளி நூல முறுக்கிக் கொண்டாந்தா. முன்சக்கரம் ரெண்டையும் சேத்துக் கட்டுனா. "இதுவும் ஒரு வருஷமா நிக்குது, இப்பத்தான நடக்கப் போகுது"ங்கிறா. கயிற யாரு வெட்டுறதுங்கிறதுல சண்ட. வெட்டுறவங்க குணந்தான் கொழந்தைக்கு வருமே. தலைவர் வெட்டணும்னு ஒருத்தன், ஷாயிக்கு அண்ணன் வெட்டணும்னு ஒருத்தன். ஷாயிக்கு அண்ணனே, "நான் ரெண்டு அடி நடந்தாலே மூச்சு வாங்குறவன், என்கிட்ட குடுத்தா காரு வீணாப் போயிரும்"ன்னான். நல்லவன்தான், நீ சொன்னது சரி. கொஞ்சம் மெதுவாத்தான் நல்லவனாவான்.

அம்மா கத்திய நேரா என்கிட்ட நீட்டுனா. ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னா: "ஓடுறதுக்குன்னே பொறந்தது இது ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துலயும் நிக்கல, தபால் ஆபீஸ்லயும் நிக்கல. இது வெட்டுனாத்தான் அது ஓடும்."

அண்ணே, இதயே சொல்லித்தான் என்ன இருவது வருஷமா திட்டுறா. அதே வார்த்த. நேத்து அதக் கேட்டப்ப நான் ராணி மாதிரி நின்னேன்.

வெட்டுனேன். கட்டைய ஒண்ணொண்ணா உருவுனோம். சக்கரம் மண்ணத் தொட்டப்ப ஒரு சின்னச் சத்தம் வந்துச்சு, பெருமூச்சு மாதிரி. ஒரே திருப்பு. கொட்டகையில இருந்து வாசலுக்கு, வாசல்ல இருந்து ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன். அம்மா பின்சீட்டுல, கதவுப் புடிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, வழியில பாத்த எல்லாருக்கும் தலைய ஆட்டிக்கிட்டே. பெயிண்டு பளபளன்னு இருக்கு. அந்த விரிப்ப நாய் படுக்கப் போட்டிருக்கேன். அதுக்குக்கூடப் புடிக்கல.

மே 13 மத்தியானம் கெளம்புவேன். கணவாய்க்கு அந்தப்புறம் சித்தி வீட்டுல தங்கிட்டு, காலையில ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன். நீ வந்ததும் சாவியக் கேக்காத. ஸ்டேஷனுக்கு வர்றப்ப ஸ்டியரிங் எனக்கு. வீட்டுக்குத் திரும்புறப்ப ஒனக்குன்னு நெனச்சிக்கிட்டிருக்கியா? வீடு வரைக்கும் நாந்தான். படிப்பப் பத்தி என்ன வேணும்னாலும் பேசு. கணவாய் ஏறுறப்ப நான் காதுல வாங்க மாட்டேன், கியர்லதான் கவனம்.

எண் எழுத வேணாம்னுட்ட. எழுதல. கை மட்டும் கடைசி வரிக்கு வந்ததும் தானா நிக்குது.

மே 14 நீயே கதவத் தெறந்து, குனிஞ்சு மீட்டரப் பாரு.

சிர்கா